இரவுப் படத்தில் விழுந்த ஒளி

ஏற்காட்டிலோ கொல்லிமலையின் மேற்கு விளிம்பிலோ கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஷட்டரை 20 விநாடி திறந்துவைத்தால், கண்ணுக்குத் தெரியாத வெளிச்சமெல்லாம் படத்தில் விழுந்துவிடும். அப்படி விழுந்த ஒளி என்ன என்று கண்டுபிடிக்க ஆர்வலர்கள் கையாளும் முறையில் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அதில் பெரிய ஓட்டையும் இருக்கிறது.

அடுத்தடுத்து எடுத்த படங்களில் அந்த ஒளி எதோடு ஒட்டி நிற்கிறது என்று பார்ப்பதுதான் முறை. விண்மீன்களோடு சேர்ந்து நகர்ந்தால் அது வானத்தைச் சேர்ந்தது. மலை விளிம்பை விட்டு அசையாவிட்டால் ஊர் வெளிச்சம். கேமராவைத் திருப்பியதும் படத்துக்குள் மற்றவை நகர்வதற்கு எதிர்ப்பக்கம் ஓடினால், ஏதோ ஒரு விளக்கு லென்ஸுக்குள் எதிரொளித்திருக்கிறது. காசு செலவில்லாமல் யாரும் சரிபார்க்கலாம். நேரம் தெரிந்தால் விடை இன்னும் வலுக்கும். 2022 டிசம்பர் 15 மாலை மேற்கு வங்க வானில் மக்களைத் திகைக்கவைத்த ஒளி, அதே மாலை ஒடிசா கரையிலிருந்து ஏவப்பட்ட அக்னி-5 ஏவுகணையோடு பொருந்தியது நேரத்தை வைத்துத்தான்.

ஓட்டை எங்கே? ஒவ்வொரு காரணமாகக் கழித்துக்கொண்டு போகிறவர், தமக்குத் தெரிந்த காரணங்களை மட்டுமே கழிக்க முடியும். கோழிப்பண்ணைகள் உள்ள நாமக்கல்லையே பாருங்கள். முட்டைக்கோழிக்கு நாளொன்றுக்குச் சுமார் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும் என்பதால், பொழுது சாய்ந்த பிறகோ விடியும் முன்போ பண்ணைகளில் விளக்கு எரியும். கொல்லிமலையின் மேற்கு விளிம்பிலிருந்து பார்த்தால், மாசி, பங்குனி மாலைகளில் அந்த விளக்குகள் தெரியும் மேற்குத் திசையிலேயே இராசி மண்டல ஒளியும் மங்கலான கூம்பாக எழும். கோள்களின் பாதைத் தளத்தில் பரவிக் கிடக்கும் தூசியில் சிதறும் சூரிய ஒளி அது. வானியல் படித்தவர் ஒன்றைச் சொல்வார், பண்ணைக்காரர் வேறொன்றைச் சொல்வார். இரண்டும் ஒரே படத்தில் கலந்திருக்கலாம் என்பது இருவருக்கும் தோன்றாது. மிஞ்சிய ஒரு காரணத்துக்குப் பட்டம் சூட்டும் அவசரம் அப்படி.

இதைவிட என்னை வருத்துவது, சான்றே சிதைந்து வருவது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தில் எடுத்த நேரமும் ஷட்டர் விவரமும் உதிர்ந்துவிடுகின்றன. செல்போனின் நைட் மோடு பல படங்களை ஒன்றாக்கித் தானே மெருகேற்றிவிடுகிறது. அத்தகைய படத்தை வைத்து உறுதியாகப் பதில் சொல்வது ஆய்வாகாது.

மாறாக, 2024 மே 10, 11 இரவில் லடாக்கின் ஹான்லேயில் பதிவான செந்நிறத் துருவ ஒளிக்கு இந்தச் சிக்கல் இல்லை. நம் காவலூர் வானோக்கு நிலையத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் முழுவானக் கேமரா அங்கே இரவுதோறும் இயங்குகிறது. சாதாரண இரவுகளின் படங்கள் இருந்ததால் அசாதாரண இரவு தனியே தெரிந்தது.

சேலம், நாமக்கல் பக்கம் படம் எடுக்கும் அன்பர்களே, வானத்தில் ஒன்றும் நடக்காத இரவுகளிலும் அதே இடத்தில் அதே திசையைப் படம் எடுத்து, மூலக் கோப்பை அழிக்காமல் வையுங்கள். ஒப்பிட ஏதும் இல்லையென்றால் ‘தெரியவில்லை’ என்றே பதில் எழுதுங்கள்.