உபுண்டு 25.10: டெர்மினல் திறக்க மறுத்தால்

உபுண்டுவை அப்கிரேடு செய்து முடித்ததும், எடிசனிலோ ஃப்ரீமான்ட்டிலோ வீட்டிலிருந்து வேலை பார்க்கும் தமிழ்ப் பொறியாளர் முதலில் அழுத்திப் பார்ப்பது கண்ட்ரோல்-ஆல்ட்-டி. டெர்மினல் வந்தால் நிம்மதி. சுட்டி சற்றுச் சுழன்றுவிட்டு ஒன்றுமே வராமல் நின்றுவிட்டால் அன்றைய வேலையும் நின்றுவிடும்.

2025 அக்டோபரில் வெளிவந்த உபுண்டு 25.10 இந்த இடத்திலேயே கைவைத்திருக்கிறது. நீண்ட காலம் இருந்த ஜினோம் டெர்மினலுக்குப் பதில் டிக்சிஸ் என்ற புதிய செயலி. எழுதியவர் கிறிஸ்டியன் ஹெர்கெர்ட். ஃபெடோரா 2024-இலேயே 41-ஆம் பதிப்பில் இதை ஏற்றுக்கொண்டது. பயன்படுத்துவதற்கு நன்றாகவே இருக்கிறது. திறந்திருக்கும் டேப்களை எல்லாம் ஒரே பார்வையில் சிறு படங்களாகக் காட்டுகிறது. பாட்மேன், டிஸ்ட்ரோபாக்ஸ் கன்டெய்னர்களுக்குள் மெனுவிலிருந்தே நுழையலாம். ரூட் அதிகாரத்தில் இருக்கும்போது மேல்பட்டை சிவப்பாகிறது. நள்ளிரவில் புரொடக்‌ஷன் சர்வரில் கைவைப்பவர்களுக்கு இந்தச் சிவப்பு பெரிய உதவி. ஆனால் பழைய டெர்மினலில் பார்த்துப் பார்த்து அமைத்த நிறங்களும் எழுத்துருவும் இங்கே தாமாக வந்து சேர்வதில்லை. இரண்டு செயலிகளும் தங்கள் அமைப்புகளை டிகான்ஃப் என்ற அமைப்புக் கிடங்கில் வெவ்வேறு இடங்களில் வைத்துக்கொள்கின்றன.

24.04 போன்ற முந்தைய பதிப்புகளில் இருக்கும் பழைய ஜினோம் டெர்மினல் திறக்காமல் போவதற்கு அடிக்கடி காரணமாவது பைத்தான். உபுண்டுவில் அந்தப் பெயரில் நாம் இயக்குவது சின்னதொரு பைத்தான் நிரல்; உண்மையான செயலி அதற்குப் பின்னால் தனியே இருக்கிறது. உபுண்டு 22.04-இன் பைத்தான் 3.10, 24.04-இல் 3.12. ஏதோ ஒரு மெஷின் லேர்னிங் நூலகத்துக்காக சிஸ்டத்தின் பைத்தானை வேறு பதிப்புக்குத் திருப்பி வைத்தவர்களுக்கு, அந்தச் சின்ன நிரல் தனக்கு வேண்டிய துணைநிரலைக் காணாமல் சத்தமின்றிச் செத்துவிடும். பார்ப்பவருக்கோ டெர்மினல் கெட்டுவிட்டதாகத் தோன்றும். ரீ-இன்ஸ்டால் செய்தாலும் பயனில்லை. கண்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அழுத்தினால் வரும் கறுப்புத் திரையில் லாகின் செய்து, பைத்தானை சிஸ்டத்தின் சொந்தப் பதிப்புக்கே திருப்பிவிட்டால் போதும். வேறு பதிப்பு வேண்டுமானால் அதற்கு விர்ச்சுவல் என்விரான்மென்ட் இருக்கிறது.

இரண்டாவது காரணம் லோக்கேல். தமிழர்கள் இதைக் கொஞ்சம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். மொழி அமைப்பு யூடிஎஃப்-8 ஆக இல்லாவிட்டால் ஜினோம் டெர்மினல் 8 என்ற பிழை எண்ணோடு உடனே வெளியேறிவிடும். இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் என இரண்டு லோக்கேல்களும் லினக்ஸில் உண்டு, இரண்டுமே யூடிஎஃப்-8 தான். ஆனால் பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது; அந்தக் கணினியில் அது உருவாக்கப்பட்டிருக்க வேண்டும். லோக்கேல்-ஜென் கட்டளையை இயக்கிவிட்டு, லாக்-அவுட் செய்து மறுபடி நுழைந்தால் சரியாகிவிடும். இதே சிக்கல் சர்வரிலும் தலைகாட்டும். உபுண்டுவின் எஸ்எஸ்எச் நம் லோக்கேலையும் கூடவே அனுப்பிவைக்கும். டாலஸில் இருக்கும் சர்வரில் தமிழ் லோக்கேல் உருவாக்கப்படவில்லை என்றால் ஒவ்வொரு முறை நுழையும்போதும் எச்சரிக்கை வரிகள் வந்து விழும்.

திறந்த பிறகும் தொல்லை தரும் வகை ஒன்று உண்டு: பேக்ஸ்பேஸ் அழிக்காது, விம் திரை குழம்பும். இதன் வேர் பழையது. யூனிக்ஸ் 1969-இல் நியூ ஜெர்சியின் மர்ரி ஹில்லில், பெல் லேப்ஸில் பிறந்தது. அன்றைய டெர்மினல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கட்டளையை எதிர்பார்த்தன. அவற்றின் குணங்களை ஒரே இடத்தில் எழுதிவைக்க பே ஏரியாவின் பெர்க்லியில் பில் ஜாய் 1978-இல் டெர்ம்கேப்பை உருவாக்கினார்; பின்னர் டெர்மின்ஃபோ வந்தது. இன்றும் டெர்மினல் தன் பெயரைச் சொல்ல, சர்வர் அந்தப் பட்டியலைப் புரட்டிப் பார்க்கிறது. கலிபர் மின்னூல் மென்பொருளை எழுதிய கோவித் கோயலின் கிட்டி டெர்மினல் தன் சொந்தப் பெயரையே சொல்வதால், பழைய சர்வர்கள் அதை அடையாளம் காண்பதில்லை. கிட்டியின் சொந்த எஸ்எஸ்எச் கருவி அந்தக் குறிப்பையும் சர்வருக்கு எடுத்துச் சென்று இதைத் தீர்க்கிறது. டிக்சிஸ் எல்லோரும் அறிந்த பழைய டெர்மினலான எக்ஸ்டெர்மின் பெயரிலேயே பேசுவதால் இந்தத் தலைவலி அநேகமாக இல்லை. பல நிறுவனங்களின் சர்வர்களில் ஏறி இறங்குபவருக்கு இந்த ஒன்றுக்காகவே டிக்சிஸ் பொருத்தம்.

தமிழ் எழுத்துகளில் மட்டும் ஏமாற்றம். டெர்மினல் திரை சமமான கட்டங்களால் ஆனது. 'கொ' நினைவகத்தில் ககரம், பிறகு குறி என்ற வரிசையில் இருந்தாலும், திரையில் மெய்யின் இருபுறமும் வரைய வேண்டும். 'ணை' ஒரு கட்டத்துக்குள் அடங்காது. பழைய ஜினோம் டெர்மினலும் டிக்சிஸும் விடிஇ என்ற ஒரே நூலகத்தின் மேல் நிற்பதால், செயலி மாறியதால் தமிழுக்கு எந்த லாபமும் இல்லை. எஃப்3 கறுப்புத் திரையில் தமிழே தெரியாது. அதன் எழுத்துருவுக்கு 512 வடிவங்கள்தான் எல்லை. தமிழ்ப் பெயரிட்ட கோப்புகளோடு வேலை செய்பவர்கள் அங்கே போகும் முன் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

25.10-க்கு இன்னொரு கறையும் உண்டு. அடிப்படைக் கட்டளைகள் ரஸ்ட் மொழியில் திரும்ப எழுதப்பட்ட வடிவில் வந்தன. அவற்றில் தேதி காட்டும் கட்டளையின் ஒரு பிழையால் சில கணினிகளில் தானியங்கி அப்டேட் சோதனை நின்றுபோனது. பிறகு திருத்தம் வந்தது. நீண்டகால ஆதரவுப் பதிப்புகளும் இதுபோன்ற பிழைகளுக்கு விலக்கல்ல. 2024 ஆகஸ்ட் இறுதியில் 24.04.1 வந்தபோது, 22.04-லிருந்து தாவும் வழியை அப்கிரேடு கருவியின் ஒரு பிழைக்காக நிறுத்திவைக்க நேர்ந்தது.

டிக்சிஸ் நல்ல டெர்மினல். வீட்டுக் கணினியில் தயங்காமல் பழகலாம். சம்பளம் தரும் வேலை ஓடும் லேப்டாப்பில், 9 மாத ஆதரவு மட்டுமே உள்ள 25.10-க்காக 24.04-ஐ விட்டுவிடத் தேவையில்லை. எந்தப் பதிப்புக்குப் போனாலும், அப்கிரேடு தொடங்கும் முன், அவசரத்துக்கு மாற்று டெர்மினலாக எக்ஸ்டெர்மை நிறுவி ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.