கருடன் குஞ்சு பறக்கப் பழகுது, வந்து பாருங்க!

திருமங்கலத்தில் இருந்து ராஜபாளையம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் செல்போனைப் பைக்குள் போட்டுவிடுங்கள். டி. கல்லுப்பட்டிக்கு முன்னும் பின்னும் ரோட்டின் இரண்டு பக்கமும் கரிசல் காடு, இடையிடையே கண்மாய். ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாற்றாத வருஷம் என்றால் அந்தத் தண்ணீருக்கு மேலே ஒரு பறவை சாவகாசமாக வட்டம் போட்டுக்கொண்டிருக்கும். தலையும் நெஞ்சும் பால்வெள்ளை, மீதியெல்லாம் நல்ல செங்கல் நிறம். வெயில் முதுகில் பட்டால் தகதகவென்று இருக்கும். அதுதான் செம்பருந்து. எங்கள் பக்கம் கருடன் என்றால்தான் புரியும். பார்த்தவுடன் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கும்பாபிஷேகத்தன்று கலசத்துக்கு மேலே இது வட்டமடித்துவிட்டால் கூட்டம் முழுக்க அண்ணாந்து கத்தும்.

நானும் கன்னத்தில் போட்டுக்கொள்கிற ஆள்தான். ஆனால் பைனாகுலர் கைக்கு வந்த பிறகு கும்பிடுவதோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை. எந்த மரத்தில் கூடு, யார் அடைகாக்கிறார்கள், குஞ்சுக்கு இன்றைக்கு என்ன சாப்பாடு, அது எப்போது பறக்கும் என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது! ஐபிஎல் ஓடட்டும், புதுப்படம் வரட்டும், மார்கழி பிறந்தால் என் கால் கண்மாய்க்கரைக்குத்தான் போகும். இதைவிடப் பெரிய சுகம் இருப்பதாக யாராவது சொன்னால் அவரோடு சண்டைக்கு நிற்பேன்.

கூடு பெரும்பாலும் தண்ணீரை ஒட்டிய உயர்ந்த மரத்தில் இருக்கும். நான் பார்த்து வருவது கரையோரப் புளியமரம் ஒன்றில். (எந்தக் கண்மாய் என்று சொல்ல மாட்டேன். காரணம் கடைசியில்.) சேவலும் பெட்டையும் சேர்ந்துதான் கட்டும். சுள்ளி பொறுக்குவதில் இரண்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. காய்ந்த கருவேலங்குச்சியைக் காலில் இடுக்கிக்கொண்டு வரும், வைத்துப் பார்க்கும், பிடிக்காவிட்டால் தள்ளிவிடும், மறுபடியும் போகும். உள்ளே மெத்தைக்குப் பச்சை இலை, காய்ந்த மண், கந்தல்துணி என்று கிடைத்ததெல்லாம் சேரும். ஒரு வருஷம் அந்தக் கூட்டில் இருந்து கட்சிக்கொடித் துணி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், கருடனுக்கு அரசியல் இல்லை.

முட்டை வழக்கமாக ஒன்று அல்லது இரண்டு, மங்கலான வெள்ளை. 26, 27 நாள் அடைகாப்பு. பெரும்பங்கு பெட்டைக்குத்தான். அந்த நாட்களில் பார்க்க ஒன்றுமே இல்லை என்பார்கள் தெரியாதவர்கள். வெள்ளைத்தலை மட்டும் கூட்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான் காட்சி. ஆனால் காத்திருந்தால் சேவல் வரும். தூரத்தில் வரும்போதே பூனைக்குட்டி மூக்கடைத்துக் கத்துகிற மாதிரி ஓர் இழுவைக் குரல். காலில் கெளுத்தியோ கெண்டையோ இருக்கும். பக்கத்துக் கிளையில் உட்காரும், பெட்டை எழுந்து வந்து வாங்கிக்கொள்ளும். இந்தக் கைமாற்றம் முடிய சில நொடிதான். அதற்குள் காக்கைப் பட்டாளம் வந்துவிடும். கரிசல் காட்டுக் காக்கைகளைப் போல ரவுடிகளை நான் பார்த்ததில்லை! வாலைப் பிடித்து இழுக்கும், தலையில் கொத்தும். சாமியின் வாகனம் என்கிற மரியாதை துளி கிடையாது.

கரையில் ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் என்னை ரொம்ப நாளாகக் கவனித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் பக்கத்தில் வந்து, “என்ன தம்பி, மரத்தவே வெறிச்சுக்கிட்டு நிக்கிற?” என்றார்.

“கருடன் கூடு கட்டியிருக்குங்கய்யா. குஞ்சு இருக்கு.”

“அதுக்கா இம்புட்டு? எங்கப்பன் காலத்துல இருந்து அது இங்கதேன கெடக்கு.”

அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். நான் அப்படியே நின்றேன். ஏனென்றால் “இங்கேயேதான் கிடக்கிறது” என்று சொல்ல முடியாமல் போன ஒரு தேசத்தின் கதை எனக்குத் தெரியும்.

பிரிட்டனில் சிவப்புப் பருந்து என்று ஒன்று உண்டு. நம் செம்பருந்துக்குத் தூரத்துச் சொந்தம், வால் மட்டும் ஆழமாகப் பிளந்திருக்கும். ஒரு காலத்தில் லண்டன் தெருக்களில் குப்பை கிளறிய பறவை. கோழிக்குஞ்சைத் தூக்குகிறது, வேட்டைப்பறவைகளைக் கெடுக்கிறது என்று சுட்டும் விஷம் வைத்தும் கொன்றார்கள். எஞ்சியதை முட்டை சேகரிக்கிற கனவான்கள் பார்த்துக்கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் கூடுகட்டும் பருந்தே இல்லை. வேல்ஸ் மலைப்பக்கம் மட்டும் சில ஜோடிகள் ஒண்டிக்கொண்டிருந்தன.

பிறகு புத்தி வந்தது. 1989இல் திரும்பக் கொண்டுவரும் வேலை தொடங்கியது. 1990 ஜூலையில் ஸ்பெயினில் இருந்து 13 இளம்பருந்துகள் விமானத்தில் லண்டன் வந்து இறங்கின. லண்டனுக்கு மேற்கே சில்டன் குன்றுகளில் அவற்றைப் பழக்கிப் பறக்கவிட்டார்கள். 1994 வரைக்கும் அங்கே விட்டவை ஏறக்குறைய 90. ஸ்காட்லாந்துக்கு ஸ்வீடனில் இருந்து பறவைகள் வந்தன. விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடவில்லை, அதுதான் எனக்குப் பிடித்த இடம்! ஒவ்வொரு கூட்டையும் தேடினார்கள். குஞ்சுக்கு ஒரு மாதத்துக்குமேல் ஆனதும் மரமேறி ஒருவர் போய், பையில் வைத்துக் கயிற்றில் இறக்கி, எடைபோட்டு, கால்வளையம் மாட்டி, இறக்கையில் வண்ணப்பட்டை கட்டி, திரும்பக் கூட்டிலேயே வைத்தார்கள். இடது இறக்கைப் பட்டையின் நிறம் எந்த வட்டாரத்துப் பறவை என்று சொல்லும், வலது இறக்கைப் பட்டை பிறந்த வருஷத்தைச் சொல்லும். பைனாகுலர் இருந்தால் தோட்டக்காரர்கூட ஒரு பருந்தின் ஜாதகத்தைப் படிக்கலாம். கூட்டுக்குள் பொம்மை, கையுறை, கொடியில் காயப்போட்ட உள்ளாடை எல்லாம் கிடைத்திருக்கின்றன. நம்ம ஊர்க் கொடித்துணியை நினைத்துக்கொண்டேன், குணம் ஒன்றுதான்.

இன்று அங்கே பல ஆயிரம் ஜோடிகள். ரெடிங் நகரத்துப் பக்கம் குடியிருக்கிற நம் ஆட்களைக் கேட்டால், கொல்லைப்புறத்துக்கு மேலேயே வட்டமடிப்பதைச் சொல்வார்கள். அதைவிட அழகு, 2022இல் இங்கிலாந்தில் இருந்து குஞ்சுகளை எடுத்து ஸ்பெயினின் தென்மேற்குப் பகுதிக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அங்கே இந்தப் பருந்து குறைந்துபோயிருந்தது. வாங்கிய கடனை வட்டியோடு கட்டிவிட்டார்கள்.

நம் நாட்டிலும் இந்த வேலை நடக்கிறது, கழுகுகளுக்காக. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்னும் வலிமருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியாகக் கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுக் கழுகுகள் 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்தன. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடைசெய்யப்பட்டது. இன்னொரு பக்கம், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கூண்டில் வளர்த்த கழுகுகளைக் காட்டில் விடத் தொடங்கியது. 2024இல் மகாராஷ்டிரத்தின் தடோபா புலிகள் காப்பகத்தில் விட்டவற்றில் ஒன்றுக்கு என்–11 என்று பெயர். முதுகில் இடம் காட்டும் கருவியோடு அது மாநிலம் மாநிலமாக ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் சுற்றி நம் தமிழ்நாட்டுக்கே வந்து சேர்ந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் டீக்கடையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன், என்ன விசேஷம் என்று ஒருவருக்கும் புரியவில்லை.

எனக்கு இடம் காட்டும் கருவி வேண்டாம், பட்டை வேண்டாம். என் கருடன் எங்கும் போய்த் திரும்பி வரவில்லை. அது போகவே இல்லை. மறுபடியும் கொண்டுவர வேண்டிய அவசியமே வராத பறவையைப் பார்க்கிற ஆனந்தம் இருக்கிறதே, அது தனி!

குஞ்சுக்கு வருகிறேன். பொரிந்த புதிதில் வெளிறிய பஞ்சு உருண்டை, தூக்கமும் தீனியும்தான். தாய் மீனைக் கிழித்துச் சிறு துணுக்காக அலகு நுனியில் நீட்டும். இவ்வளவு பெரிய கொக்கி அலகு, அவ்வளவு பதமாக! வாரங்கள் போகப் போக இறகு முளைக்கும், கூட்டின் விளிம்புக்கு வரும், தாய் கொண்டுவந்த தண்ணிப்பாம்பை முழுசாகப் பிடுங்கப் பார்க்கும். மாசி பிறந்தால் கண்மாய் வற்றத் தொடங்கும். மீன் ஒதுங்கி ஒதுங்கிக் குட்டையில் சேரும், நண்டு சேற்றில் தவழும். குஞ்சின் பசி உச்சத்தில் இருக்கிற காலமும் இரை எளிதாகக் கிடைக்கிற காலமும் பொருந்திப்போவதைக் கரையில் உட்கார்ந்து பார்த்தால் கணக்கு வாத்தியாருக்கே மெய்சிலிர்க்கும்.

எங்கள் ஊர் டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கடைசிக் காலத்தைக் கழித்தவர் காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா. 1945இல் சிறையில் இருந்து எழுதிய ‘நிலைத்த பொருளாதாரம்’ பற்றிய நூலில் இயற்கையில் உள்ள பொருளாதாரங்களை அவர் வகை பிரிக்கிறார். பிறரை அழித்துப் பிழைப்பது, திருடிப் பிழைப்பது என்று அடியில் தொடங்கி ஏறி, எல்லாவற்றுக்கும் மேலே சேவைப் பொருளாதாரத்தை வைக்கிறார். அதற்கு அவர் காட்டும் சான்று, கைம்மாறு எதிர்பார்க்காமல் குஞ்சுக்கு இரை தேடி வரும் தாய்ப்பறவை. பொருளாதாரம் எனக்கு ஏறாது. ஆனால் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கூட்டைப் பார்த்தால் குமரப்பா பக்கத்தில் நின்று பார்ப்பதாகவே தோன்றும்.

பொரிந்து ஏழெட்டு வாரத்தில், பங்குனிக் கடைசி வாக்கில், அந்த நாள் வரும். அதற்கு முன்பே கூட்டின்மேல் நின்று இறக்கையை அடித்து அடித்துப் பழகும். ஒரு முழம் எழும்பும், பயந்து இறங்கும். அடுத்த கிளைக்குத் தாவும், நிலைகொள்ளாமல் தடுமாறும். அப்படித் தடுமாறிக்கொண்டிருந்த ஒருநாள், மேற்கே சதுரகிரிப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. குஞ்சு இறக்கையை விரித்தது, கிளை காலை விட்டு நழுவியது. ஐயோ விழுந்தது என்று நான் கத்தியேவிட்டேன். விழவில்லை! தண்ணீருக்கு மேலே தாழப்போய், கோணல்மாணலாக ஒரு திருப்பம் போட்டு, எதிர்க்கரைக் கருவேலத்தில் மோதாத குறையாக உட்கார்ந்தது. உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்த்த பார்வையை எந்த நடிகராலும் செய்ய முடியாது.

அதோடு முடிந்தது என்று கிளம்பிவிடாதீர்கள், தேன் அதற்குப் பிறகுதான். பறந்த பிறகும் வாரக்கணக்கில் தாய்தகப்பன் ஊட்டும். இளசுக்கு வெள்ளைத்தலை இருக்காது, உடம்பெல்லாம் பழுப்பு. பெரியவற்றின் நிறம் வர மூன்றாவது வருஷம் ஆகும். கள்ளப்பருந்து என்று எல்லாரும் ஏமாறுவார்கள். வாலைப் பாருங்கள். கள்ளப்பருந்துக்குப் பிளந்த வால், இதற்கு விசிறி வட்டம். இன்னொன்று, இளசுகள் விளையாடும்! ஒரு காய்ந்த இலையைக் காலில் பிடித்து மேலே போய், அதைக் கீழே விட்டு, தானே பாய்ந்து பிடிக்கும். தவறினால் மறுபடியும் போய் இன்னோர் இலை. மீன்பிடிக்கிற வித்தைக்கு இது பயிற்சி என்பார்கள். இருக்கட்டும். எனக்கு அது சந்தோஷத்தில் ஆடுவதாகத்தான் தெரிகிறது.

மதுரைச் சமவெளியில் இப்படிப் பார்க்க இன்னும் நிறைய உண்டு. மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டிக் குன்றுகளில் லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு மூன்றும் இருக்கின்றன. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக 193 ஹெக்டேர் அங்கே அறிவிக்கப்பட்டது. 2024இல் அதே வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். ஊரே திரண்டு நின்றது, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. வல்லூறுகளின் பாறையை ஊர்ச்சனம் காத்துக் கொடுத்திருக்கிறது. ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், போகாதவர்கள் மதுரையைப் பாதிதான் பார்த்தவர்கள்.

இனி, கண்மாய்ப் பெயரை ஏன் சொல்லவில்லை என்பது. கூடு இருக்கிற இடம் வாட்ஸ்அப்பில் போனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் திருவிழாக் கூட்டம். பெரிய லென்ஸ்காரர் கிட்டே போவார், தாய் எழுந்து பறக்கும், முட்டை வெயிலில் வேகும், காக்கை காத்துக்கொண்டே இருக்கும். நீங்கள் கூடு கண்டால் எதிர்க்கரையில் நில்லுங்கள். தாய் உங்களைப் பார்த்துக் கத்தினால் பின்வாங்குங்கள். ட்ரோன் விடாதீர்கள், மரமேறாதீர்கள். முட்டையோ குஞ்சோ எடுப்பது 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எங்காவது காலில் வளையத்தோடு பறவை கிடைத்தால் அதில் உள்ள எண்ணைக் குறித்து, வளையத்தில் பொறித்திருக்கும் அமைப்புக்குத் தெரிவியுங்கள். இந்திய வளையம் என்றால் பெரும்பாலும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பெயர் இருக்கும்.

வருஷாவருஷம் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. செம்பருந்து கூட்டில் உட்கார்கிற பருவமும் அதுதான். கால்மணி நேரம் நின்று, கண்ணில் பட்ட பறவைகளை எண்ணி இ–பேர்ட் இணையதளத்தில் ஏற்றினால் போதும், பட்டமெல்லாம் வேண்டாம். கரும்பு கடித்து முடித்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உங்கள் ஊர்க் கண்மாய்க்கரைக்குப் போங்கள். பைனாகுலர் இல்லையென்றால் என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டு வைத்திருக்கிறேன்.