முழு நிமிடம்

குழந்தைகள் வார்டில் கைதேர்ந்த சிஸ்டர் யார் என்ற பேச்சு வந்தால், பெரும்பாலானவர்கள் நரம்பு பிடிப்பவரைத்தான் சொல்வார்கள். வயிற்றுப்போக்கில் வதங்கி வந்த ஆறு மாதக் குழந்தைக்கு மூன்று பேர் குத்திப் பார்த்துக் கைவிட்ட பிறகு, ஒரே குத்தில் வென்ஃப்ளானை இறக்கிவிடும் கைக்கு வார்டில் தனி மரியாதை உண்டு. இன்னொரு கட்சி, மருந்துக் கணக்கில் பிசகாதவரைச் சொல்லும். எடையைக் கேட்டதுமே, கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் பாராசிட்டமால் சிரப் எத்தனை மில்லி என்று மனதுக்குள் போட்டு முடித்துவிடுகிறவர் அவர். இரண்டுமே பெரிய வித்தைகள்தான். ஆனால் இந்தத் தொழிலின் உச்சம் வேறோர் இடத்தில் இருக்கிறது. இருமலோடு வந்த குழந்தையின் சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை அறுபது நொடியும் பார்வை நகராமல் எண்ணி முடிக்கிற வேலை அது.

தேர்ந்த சிஸ்டர் இதைச் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முதலில் கவனிக்க வேண்டியது அவருடைய கை. அது குழந்தையின் அருகிலேயே போகாது. தொட்டால் அழும், அழுதால் எண்ணிக்கை கெட்டது. வெப்பமானி, எடை மேடை, தொண்டையைப் பார்க்கும் விளக்கு எல்லாம் பிறகுதான். வேலூர்ப் பக்கத்து ஓ.பி. ஒன்றில் இப்படித்தான் ஆரம்பிக்கும்: “ஆயா, புள்ள தூங்கட்டும், எழுப்பாதீங்க. சொக்காயை மட்டும் லேசா தூக்கிக்கிறேன்.” பால் குடித்துக்கொண்டிருந்தால் குடித்து முடிக்கும்வரை காத்திருப்பார். மடியை விட்டு இறக்கச் சொல்ல மாட்டார். வெளிச்சம் வயிற்றின் மேல் பக்கவாட்டில் விழும்படி தாயைச் சற்றே திரும்பி உட்காரச் சொல்வார். மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டிய கடிகாரத்தைக் குழந்தையின் தொப்புளுக்கு அருகே, ஒரே பார்வையில் நொடிமுள்ளும் வயிறும் விழும்படி வைத்துக்கொள்வார். கண் அங்கும் இங்கும் தாவினால் இரண்டு மூச்சு தவறிவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

அந்த ஒரு நிமிடத்தில் அவர் எண்ணுவது மட்டும் நடப்பதில்லை. மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே மார்பு உள்ளே குழிகிறதா, மூக்குத்துளை விரிகிறதா, மூச்சு விடும்போது முனகல் வருகிறதா, இழுக்கும்போது தொண்டையில் கரகரப்பு எழுகிறதா, எல்லாமே கண்ணிலும் காதிலும் விழுந்துவிடும். விலா எலும்புகளுக்கு இடையே மட்டும் சதை லேசாக உள்வாங்கினால் அதை அவர் கணக்கில் சேர்க்க மாட்டார். அடிமார்பு முழுவதும் குழிந்தால்தான் சேர்ப்பார். இரண்டு மாதம் நிறையாத சிசுவென்றால் நிதானம் இன்னும் கூடும். பிஞ்சுகளின் மூச்சு சீராக இருக்காது. கொஞ்சம் ஓடும், கொஞ்சம் நிற்கும், திரும்ப ஓடும். எண்ணிக்கை 60-ஐத் தொட்டால் மறுபடியும் ஒரு முழு நிமிடம் எண்ணுவார். இரண்டாவது முறையும் 60 வந்தால்தான் அதை வேகமான மூச்சு என்று எழுதுவார்.

பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் போதாதா என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. போதாது. இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுவரை எல்லைக்கோடு 50. நான்கால் பெருக்கி வரும் எண்களில் 48 உண்டு, 52 உண்டு. 50 என்ற எண்ணே கிடையாது. ஒரே ஒரு மூச்சைத் தவறவிட்டால் விடை நான்கு தள்ளிப் போய்விடும். ஆன்டிபயாட்டிக் வேண்டும், வேண்டாம் என்ற முடிவு 49-க்கும் 51-க்கும் நடுவில் நிற்கும்போது, நாலு நாலாகத் தாவும் அளவுகோலை யாராவது நம்புவார்களா? அதோடு, குழந்தை எந்தப் பதினைந்து நொடியும் ஒரே மாதிரி மூச்சு விடுவதில்லை. பெருமூச்சு ஒன்று வரும், நடுவே ஒரு விழுங்கல் வரும். அறுபது நொடியில் அவையெல்லாம் சமன்பட்டுவிடும்.

இந்த எண்களுக்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது. அதில் வேலூருக்கு உள்ள பங்கைத் தமிழ்நாட்டிலேயே பலர் பேசுவதில்லை. பப்புவா நியூ கினியின் மலைநாட்டு ஊரான கொரோகாவில், எக்ஸ்ரேயை நம்பியிருக்க முடியாத சூழலில், ஆஸ்திரேலியக் குழந்தை மருத்துவர் ஃபிராங்க் ஷான் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். இருமும் குழந்தைகளில் யாருக்கு ஆன்டிபயாட்டிக் தர வேண்டும், யாரைப் படுக்கையில் சேர்க்க வேண்டும் என்று ஒரு சாதாரண சுகாதாரப் பணியாளர் எப்படிச் சொல்வார்? மூச்சு நிமிடத்துக்கு 50-க்கு மேல் ஓடினால் மருந்து, மார்பு குழிந்தால் அட்மிஷன் என்று 1984-இல் அவரும் உடன் உழைத்தவர்களும் எழுதினார்கள்.

நுணுக்கம் சேர்த்தது வேலூர். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தாமஸ் செரியன், ஜேக்கப் ஜான் முதலியோர் செய்த ஆய்வு 1988-இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 சரி, ஆனால் ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு 40-க்கு மேல் ஓடினாலே நெஞ்சில் கோளாறு என்று பார்க்க வேண்டும் என்றது அது. வளர வளர மூச்சின் இயல்பான வேகம் குறைகிறது என்பது எந்த வார்டு சிஸ்டருக்கும் தெரிந்த விஷயம். அதை எண்ணாக்கிக் காட்டியதுதான் பெரிய காரியம். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் இன்றும் நிற்பது அந்த 50, 40 பிரிவுதான். அதே கட்டுரையில் இன்னொன்றும் உண்டு: மூச்சு வேகமாக ஓடுகிறது என்று வீட்டார் சொல்வதே நம்பத்தக்க அடையாளம். நல்ல சிஸ்டர்கள் எண்ணுவதற்கு முன்னால் தாயிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது வெறும் உபசாரம் இல்லை.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதியர் இதை இன்னும் கீழே, எழுதப் படிக்கத் தெரியாத ஊர் மருத்துவச்சியின் கைக்கே கொண்டுபோனார்கள். ஐம்பதுவரை எண்ணத் தெரியாதவருக்கு என்ன செய்வது? ஒரு நிமிட மணல் கடிகாரம், கம்பியில் கோத்த மணிகள். பத்து மூச்சுக்கு ஒரு மணி தள்ள வேண்டும். மணல் தீர்வதற்குள் சிவப்பு மணி வந்துவிட்டால் நிமோனியா. பத்துவரை எண்ணத் தெரிந்தால் போதும். 1990-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், ஊரிலேயே மூச்சை எண்ணி மருந்து கொடுத்த கிராமங்களில் நிமோனியாவால் இறந்த ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் விகிதம், ஒப்பீட்டுக் கிராமங்களில் பாதிக்கும் கீழே இருந்தது. குழந்தை மருத்துவத்தில் இதைவிட அழகான கருவி வந்ததாகச் சொல்ல முடியாது.

ஸ்டெதஸ்கோப் கட்சிக்காரர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. நுரையீரலின் கரகரப்பைக் காதால் கேட்காமல் எண்ணிக்கையை வைத்து மருந்து எழுதுவது அவர்களுக்குக் கைவினைக் குறைவாகப் படுகிறது. அந்தக் காதின் மேல் எல்லாருக்கும் மதிப்பு உண்டு. ஆனால் அடம்பிடித்து அழும் ஒன்றரை வயதுக் குழந்தையின் முதுகில் இரண்டு தேர்ந்த மருத்துவர்கள் ஒருவர் பின் ஒருவராக வைத்துக் கேட்டால், இரண்டு விதமாக எழுதுவது சகஜம். எண்ணிக்கையில் அவ்வளவு வேறுபாடு வராது. சீழும் நீரும் சேர்ந்து விறைத்த நுரையீரல் ஒவ்வோர் இழுப்பிலும் குறைந்த காற்றைத்தான் வாங்கும். அந்தக் குறையைக் குழந்தை வேகத்தால் ஈடுகட்டுகிறது. சத்தம் கேட்குமுன்பே வயிறு அதைக் காட்டிவிடுகிறது.

இப்போதைய பெரிய கட்சி பல்ஸ் ஆக்ஸிமீட்டருடையது. ஜப்பானியப் பொறியாளர் டாகுவோ அவோயாகி 1970-களில் கண்ட தத்துவத்தில் இயங்கும் அந்தக் கருவியைப் பழிப்பது நன்றிகெட்டதனம். ரத்தத்தில் ஆக்ஸிஜன் செறிவு 90 சதவீதத்துக்குக் கீழே போன குழந்தைக்கு உடனே ஆக்ஸிஜன் வேண்டும் என்று சொல்ல அதைவிட நல்ல வழி இல்லை. ஆனாலும் அது பின்னால் வரும் செய்தி. வேகமாக இழுத்து இழுத்து ஈடுகட்டிக்கொண்டிருக்கும் குழந்தையின் விரலில் 96 என்று காட்டும். 96-ஐப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பியவர்களும் உண்டு. பாதம் சில்லிட்டிருந்தாலும், குழந்தை உதைத்துக்கொண்டிருந்தாலும் எண் கண்டபடி தாவும்.

முனகலைப் பற்றி மட்டும் ஒரு பத்தி எழுதாமல் விட முடியாது. மூச்சை விடும்போது ‘ம்… ம்…’ என்று சன்னமாக வரும் அந்தச் சத்தத்தை, தாய்மார் பலர் வலி என்றோ சிணுங்கல் என்றோ நினைத்துவிடுவார்கள். குரல்வளையைப் பாதி மூடிக்கொண்டு, காற்றறைகள் சுருங்கிவிடாமல் குழந்தை தானே உள்ளே அழுத்தம் கொடுத்துக்கொள்கிறது. மூச்சுப்பாதைக்கு இடையறாது அழுத்தம் தரும் சிபாப் கருவி செய்வதும் அதையேதான். வங்கதேசத்தின் டாக்காவில் முகமது ஜோபாயர் சிஷ்டி, ஷாம்பு பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் குழாயை முக்கிக் குமிழ் விடவைத்து அந்த அழுத்தத்தை உண்டாக்கினார். கடும் நிமோனியாவோடு வந்த குழந்தைகளிடம் அது பலன் தந்ததை அவரது குழு 2015-இல் ‘லான்செட்’ இதழில் எழுதியது. வார்டின் மறுகோடியிலிருந்தே முனகலைப் பிரித்துக் கேட்டுவிடும் சிஸ்டர்கள் இருக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்குப் பத்துக் குழந்தைகள் அழும் சத்தத்துக்கு நடுவே, அழாத ஒன்றைத் தேடிப் போகிற காது அது.

மற்ற நோய்களிலும் கைப்பக்குவம் இல்லாமல் இல்லை. வயிற்றுப்போக்கில் தோலைக் கிள்ளிப் பார்ப்பதை எடுத்துக்கொள்ளலாம். தொப்புளுக்கும் விலாப்புறத்துக்கும் நடுவே, விரல்நுனியால் கிள்ளாமல் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் மடிப்பாகப் பிடிக்க வேண்டும். மடிப்பு உடம்பின் நீளவாக்கில் இருக்க வேண்டும். ஒரு நொடி பிடித்து விட வேண்டும். படிய இரண்டு நொடிக்கு மேல் ஆனால் நீரிழப்பு கடுமை. சவலைப் பிள்ளைக்கு நீர் குறையாமலேயே தோல் மெதுவாகப் படியும், கொழுகொழு குழந்தைக்கு நீர் வற்றியும் சட்டென்று படிந்துவிடும் என்பதையும் விரல் நினைவில் வைத்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு நின்றதும் துத்தநாக மாத்திரையை நிறுத்திவிடும் வீடுகளுக்கு, பதினான்கு நாளும் கொடுக்கச் சொல்லி அனுப்புவது இன்னொரு கலை. காய்ச்சல் வலிப்பில் குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கையில் சாவியைத் திணிக்க வரும் பெரியவரை மரியாதையோடு நிறுத்திவைப்பதும் அப்படித்தான். இவையெல்லாம் ரசிக்கத்தக்கவை. ஆனால் மூச்சை எண்ணுவதில் இருக்கும் பொறுமை இவற்றில் வேண்டியிருப்பதில்லை.

அந்தப் பொறுமைதான் குறைந்துகொண்டே வருகிறது. கேஸ் ஷீட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும். ஒரே இரவில் வரிசையாக எல்லாக் குழந்தைக்கும் மூச்சு 28 என்று எழுதியிருக்கும்; நான்கு மாதக் குழந்தைக்கும் 28, எட்டு வயதுப் பையனுக்கும் 28. காய்ச்சல் 103 டிகிரியில் எடுத்த எண்ணிக்கையை, காய்ச்சல் தணிந்தபின் மறுபடி எடுக்க வேண்டும் என்பது பாடத்தில் இருக்கிறது. காய்ச்சலே மூச்சை விரட்டும். அந்த இரண்டாவது எண்ணிக்கையைப் பதிவேட்டில் காண்பது அபூர்வம். தப்பை முழுக்க சிஸ்டர்களின் தலையில் கட்டுவது நியாயமாகாது. ஒரே ஆள் வார்டு முழுவதையும் இரவெல்லாம் பார்த்துக்கொள்ளும் இடத்தில், ஒரு குழந்தைக்கு முழு நிமிடம் என்பது எங்கிருந்து வரும்? யுனிசெஃப் வழங்கிய டைமரும் பாதி உதவிதான் செய்தது. நொடிக்கு நொடி அது போடும் டிக் டிக் சத்தத்தில், மூச்சை எண்ணுவதை விட்டுவிட்டு டிக்கை எண்ணத் தொடங்கியவர்கள் உண்டு. வயிற்றில் கட்டினால் தானே எண்ணும் கருவிகளும் வந்துவிட்டன. குழந்தை நெளிந்தால் அவையும் திணறுகின்றன.

மூச்சு வேகம் ஒன்றை மட்டும் நம்பினால் தேவையில்லாத ஆன்டிபயாட்டிக் பெருகும் என்ற வாதம் வலுவானது. ஹிப் தடுப்பூசியும் நியூமோகாக்கல் தடுப்பூசியும் வந்தபின் வேகமாக மூச்சு விடும் குழந்தைகளில் பலருக்கு வைரஸ்தான் காரணம். கராச்சியில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், மார்பு குழியாமல் மூச்சு மட்டும் வேகமாக இருந்த குழந்தைகளில், வெற்று மருந்து பெற்றவர்களில் 4.9 சதவீதம் பேருக்கும் அமாக்ஸிசிலின் பெற்றவர்களில் 2.6 சதவீதம் பேருக்கும் சிகிச்சை பலிக்கவில்லை. மருந்தில்லாமலே தேறியவர்கள்தான் மிகப் பெரும்பாலானோர். ஆனால் யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்று முன்கூட்டியே பிரிக்க இன்னும் வழி பிறக்கவில்லை. அதுவரைக்கும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ குழந்தையைத் திரும்ப வரவழைத்து இன்னொரு நிமிடம் எண்ணிப் பார்ப்பதுதான் இருக்கிற வழி. குறைந்திருந்தால் நல்லது; ஏறியிருந்தால் மருந்தை மாற்றவோ படுக்கையில் சேர்க்கவோ வேண்டும். முதல் நாள் எண்ணிக்கை ஊகமாக இருந்தால், இரண்டாம் நாள் எண்ணிக்கையை எதோடு ஒப்பிடுவது?

சிசுக்கள், குழந்தைகளின் நோய்களை ஒருங்கிணைத்துக் கையாளக் கற்றுத்தரும் ஐ.எம்.என்.சி.ஐ. பயிற்சிகளில் மூச்சு விடும் குழந்தையின் வீடியோவைப் போட்டு எல்லாரையும் எண்ணச் சொல்லும் வழக்கம் உண்டு. ஒரே குழந்தைக்கு 44, 52, 61 என்று விடைகள் வரும்போது அறை முழுவதும் சட்டென்று விழித்துக்கொள்ளும். நர்சிங் பள்ளிகள் அதை வீடியோவோடு நிறுத்தாமல் வார்டுக்குக் கொண்டுபோகலாம். இரண்டு மாணவிகள் ஒரே குழந்தையை ஒரே நிமிடத்தில் எண்ணி, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் சீட்டில் எழுதித் தரட்டும். வித்தியாசம் இரண்டுக்கு மேல் போனால் குழந்தை அமைதியாகும்வரை காத்திருந்து திரும்ப எண்ணட்டும். செய்முறைத் தேர்வில் ஊசி போடுவதற்குத் தரும் மதிப்பெண்ணை இதற்கும் தரட்டும்.