சிங்க் பட்டனுக்கு நடை தெரியாது

கம்ப்யூட்டரில் பாட்டைக் கலந்து விடுகிறவரை டிஜே என்று சொல்லலாமா, அது ஏமாற்று வேலை இல்லையா என்ற சண்டை உலகம் முழுக்க இருபது வருடத்துக்கு மேலாக நடக்கிறது. இசைத்தட்டைக் கையால் சுழற்றுகிறவர்தான் கலைஞர், லேப்டாப் வைத்திருப்பவர் பட்டனை அமுக்குகிறவர் என்பது குற்றச்சாட்டு. மதுரைப் பக்கம் இதற்கு ஒரு சொந்த வடிவமும் உண்டு. கல்யாண மண்டபத்தில் எல்.இ.டி. வெளிச்சத்துக்கு நடுவே ஹெட்போனை மாட்டிக்கொண்டு நிற்கும் பையனைப் பார்த்து, ஒரு காலத்தில் ரேடியோ செட் வைத்திருந்த பெரியவர் சொல்வார்: "இவன் என்னத்தப் பண்றான்? எல்லாம் அதுவா ஓடுது." முதல் குற்றச்சாட்டு கைத்திறனைப் பற்றியது. பெரியவரின் குறை வேறு. அதற்குப் போகும் முன் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரில் கலப்பது ஏமாற்று இல்லை. ஆனால் ஏமாற்று நடக்கிறது, நாம் கைநீட்டாத இடத்தில் நடக்கிறது.

கைத்திறன் என்று எதைச் சொல்கிறார்கள்? 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் கூல் ஹெர்க் என்ற இளைஞர் தன் தங்கைக்காக நடத்திய விருந்தை ஹிப் ஹாப்பின் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஒரே பாட்டின் இரண்டு தட்டுகளை இரண்டு சுழல்மேடைகளில் வைத்து, தாளம் மட்டும் ஒலிக்கும் துண்டை மாற்றி மாற்றி ஓட்டி நீட்டிக்கொண்டே போவது அவர் வளர்த்த முறை. 1979ல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 கருவியில் தட்டின் வேகத்தை 8 சதவீதம் வரை கூட்டிக் குறைக்க ஒரு நீளமான தள்ளுகட்டை இருந்தது. நிமிடத்துக்கு 120 அடி விழும் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, அடுத்தது 124 என்றால், அடுத்ததை 3 சதவீதத்துக்குச் சற்று மேலே குறைக்க வேண்டும். ஒரு காதில் ஹெட்போன், மறு காதில் அரங்கம். இரண்டு தாளமும் விலகினால் விரலால் தட்டின் ஓரத்தைத் தொட்டு இழுத்துப் பிடிக்க வேண்டும். இதைப் படிய வைக்க மாதக்கணக்கில் பழக வேண்டும். லேப்டாப்பில் இருக்கும் 'சிங்க்' பட்டன் இதை ஒரு நொடியில் செய்துவிடுகிறது. கோபம் அங்கிருந்துதான் வருகிறது.

உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர், வாடிப்பட்டி ஊர்களில் ரிக்கார்டு போட்டவர்களுக்கு இந்தத் திறன் தேவையே படவில்லை. அவர்களிடம் பெரும்பாலும் இருந்தது ஒரே ஒரு சுழல்மேடை, ஒரு ஆம்ப்ளிஃபயர், சவுக்குக் கம்பின் உச்சியில் கட்டிய இரண்டு குழாய் ஒலிபெருக்கி. ஒரு பாட்டு முடிந்து அடுத்த தட்டை வைக்கும்வரை அமைதி, அல்லது மைக்கில் அறிவிப்பு. பழைய 78 சுற்றுத் தட்டு என்றால் ஒரு பக்கம் மூன்று நிமிடம் சொச்சம்தான். ஆள் நகர முடியாது. எல்பி வந்த பிறகு ஒரு பக்கம் இருபது நிமிடம் ஓடியது, அந்த நேரத்தில் பந்தியில் உட்கார்ந்து எழுந்து வரலாம். ஊசி துள்ளாமல் இருக்க அதன் தலைமேல் ஒரு காசு வைத்திருப்பார்கள். சாயங்காலம் ஊர் முழுக்க விளக்கு எரியும்போது கரண்டு இறங்கும். தட்டு தளரும், டி.எம்.எஸ். குரல் கனத்து இழுபடும். செட்டுக்காரர் அதை ஒரு வார்த்தை முடிவதற்குள் கவனித்துவிடுவார்.

அவருடைய வித்தை வேறு இடத்தில் இருந்தது. எந்த நேரத்துக்கு எந்தத் தட்டு என்பது அவருக்குத் தெரியும். சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டில் தொடங்கி, மாரியம்மன் கோயில் பொங்கல் என்றால் எல்.ஆர்.ஈஸ்வரி, முருகன் கோயில் என்றால் மதுரைக்காரரான டி.எம்.சௌந்தரராஜன், முஸ்லிம் வீட்டுக் கல்யாணம் என்றால் நாகூர் ஹனீபா. மத்தியானச் சோர்வில் வசனத் தட்டு. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வசனமும் 'திருவிளையாடல்' வசனமும் படம் பார்க்காதவர்களுக்கும் மனப்பாடம் ஆனது குழாய் வழியாகத்தான். தருமியும் நக்கீரரும் வாதாடும் மதுரைக் கதையை மதுரைச் சீமையே திண்ணையில் உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்டது. பெட்டியில் இருந்த தட்டுகள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் ஒவ்வொன்றின் எந்தப் பக்கத்தில் எந்த இடத்தில் கீறல் இருக்கிறது என்பதுவரை அவருக்கு அத்துப்படி.

பையனைப் பார்த்து "இவன் என்னத்தப் பண்றான்" என்று அவர் கேட்கும்போது, தன்னிடம் இருந்த அந்தப் பரிச்சயம் இவனிடம் இருக்கிறதா என்றுதான் கேட்கிறார். கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் அதே கேள்வியை அவரிடம் கேட்க மேளக்காரர்களுக்கும் உரிமை இருந்தது. 'தில்லானா மோகனாம்பாள்' படத்துக்கு நாகஸ்வரம் வாசித்த சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள் வாழ்ந்த ஊர் இது. காருகுறிச்சி அருணாசலத்தின் ரிக்கார்டைப் போட்டால் முகூர்த்தம் நிறைந்துவிடும் என்று ஆன பிறகு, செட்டு கட்டியாகிவிட்டது, மேளம் எதற்கு என்று கணக்குப் போட்ட வீடுகள் உண்டு. வாசிக்கும் மனிதன் உட்கார்ந்த இடத்தில் முதலில் வந்து உட்கார்ந்தது இசைத்தட்டுதான். லேப்டாப் வந்தபோது நகர்ந்துகொடுத்தது இன்னொரு இயந்திரம். இசைத்தட்டைத் தூய்மையின் அடையாளமாக வைத்துப் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

தட்டும் லேப்டாப்பும் உடலுழைப்பில் வேறுபடுகின்றன, சரி. உழைப்பு குறைந்தால் அது ஏமாற்று ஆகிவிடுமா? சுருதிப் பெட்டியை மின்சாரத்தில் வைத்துக்கொண்டு பாடுகிறவரை யாரும் ஏமாற்றுக்காரர் என்பதில்லை. டிஜே போட்டிகளில் பெயர்பெற்ற டிஎம்சி உலகப் போட்டியே, தட்டைத் தொட்டு கம்ப்யூட்டர் கோப்பை இயக்கும் முறையை 2011ல் ஏற்றுக்கொண்டுவிட்டது. செராட்டோ நிறுவனம் அந்த வகைக் கருவியை 2004ல் விற்கத் தொடங்கியது. நிபுணர்கள் சமாதானமாகப் போன விஷயத்தில் ரசிகர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று நம் பாட்டுகளிலேயே இருக்கிறது. சிங்க் பட்டன் எப்படி வேலை செய்கிறது? பாட்டின் தாள அடிகளை மென்பொருள் கண்டுபிடித்து, சம இடைவெளியில் கோடு போட்டுக்கொள்கிறது. அடுத்த பாட்டின் கோட்டை அதன்மேல் பொருத்துகிறது. அடி ஒரே சீராக விழுந்தால்தான் இது நடக்கும். எம்.எஸ்.விஸ்வநாதன் காலத்தில் தபேலா, டோலக், வயலின் கலைஞர்கள் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சேர்ந்து வாசித்தார்கள். சரணத்தில் பாட்டு மயிரிழை வேகமாகும், பல்லவிக்குத் திரும்பும்போது கொஞ்சம் ஆறும். மனிதர்கள் வாசித்ததன் அடையாளம் அது. 1986ல் 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கம்ப்யூட்டரைக் கொண்டு இசை கோத்தார். 1992ல் 'ரோஜா' வந்த பிறகு கம்ப்யூட்டர் தாளம் மெல்ல மெல்ல வழக்கமானது. ஆகவே தொண்ணூறுகளுக்குப் பிந்திய பாட்டுகளில் கோடு கச்சிதமாக உட்காருகிறது. அதற்கு முந்திய பாட்டில் பட்டனை நம்பிக் கலந்தால் அரை நிமிடத்தில் இரண்டு தாளமும் ஒன்றையொன்று மிதிக்கத் தொடங்கும். அந்த இடத்தில் டிஜேக்குக் காதும் கையும்தான் துணை. தட்டுக்காலத்தில் செய்ததைப் போலவே தள்ளியும் இழுத்தும் பிடிக்க வேண்டும்.

வேகம் பொருந்திவிட்டால் மட்டும் போதாது, நடை இருக்கிறது. நம் குத்துப் பாட்டுகளில் பெரும்பகுதி திஸ்ர நடையில் ஓடுபவை. ஓர் அடிக்குள் மூன்று தட்டு. வெளிநாட்டு நடன இசை பெரும்பாலும் சதுஸ்ரம், அடிக்கு நான்கு. இரண்டுக்கும் நிமிடத்துக்கு 124 அடி என்று திரையில் தெரியும். பட்டனை அமுக்கினால் அடிகள் ஒன்றாக விழும், நடுவில் இருக்கும் மூன்றும் நான்கும் அடித்துக்கொள்ளும். ஆடுகிற கூட்டத்துக்கு இலக்கணம் தெரிய வேண்டியதில்லை, கால் தடுமாறுவது அவர்களுக்கே தெரிந்துவிடும். விவரமான டிஜே என்ன செய்கிறார் என்பதை ஒரு மண்டபத்தில் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆங்கிலப் பாட்டின் மேலொலிகளை ஒவ்வொன்றாகக் குறைத்து, அடி மட்டும் தனியாக ஒலிக்கும்வரை கொண்டுவந்தார். அந்த வெறும் அடியின்மேல் உறுமியை மட்டும் நான்கு ஆவர்த்தனம் விட்டார். கூட்டம் தானாகவே திஸ்ரத்துக்கு ஆடத் தொடங்கிய பிறகுதான் குத்துப் பாட்டைத் திறந்தார். அதைச் செய்யச் சொல்லி எந்தப் பட்டனும் அவருக்குச் சொல்லவில்லை.

இனி ஏமாற்றுக்கு வருகிறேன். அன்றைய மதுரை மாவட்டத்தின் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜனும் தம்பிகளும் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு மேடை மேடையாகப் போன மண் இது. அந்தத் தொடர்ச்சியில் வந்தவை மெல்லிசைக் குழுக்கள். தபேலா, பாங்கோஸ், கிட்டார், வயலின், அக்கார்டியன் என்று பத்துப் பன்னிரண்டு பேர் மேடையில் இருப்பார்கள். 1985ல் ரோலண்ட் ஆக்டோபேட் வந்த பிறகு தாளக் கருவிகள் பலவற்றை ஒருவரே வாசிக்கலாம் என்று ஆனது. அதிலும் ஒரு வாசிப்பு இருந்தது. இப்போது பல மேடைகளில் பாடகர் குரலை மட்டும் நீக்கிய 'மைனஸ் டிராக்' பதிவு ஓடுகிறது. பாடகர் மட்டும் நிஜமாகப் பாடுகிறார். பின்னால் கீபோர்டு முன்பு இருவர் விரலை ஆட்டுகிறார்கள், அவர்களுடைய ஒலி மிக்சருக்கே வருவதில்லை. நோட்டீஸில் 'இன்னிசைக் கச்சேரி' என்று அச்சடித்திருக்கிறது. ஊர் வரி போட்டு வசூலித்த பணத்தில் கச்சேரிக்கான தொகை கொடுக்கப்பட்டிருக்கிறது. இது பச்சை ஏமாற்று. வாசிக்கத் தெரிந்த கலைஞனின் கூலியையும் கேட்க வந்தவனின் நம்பிக்கையையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது.

டிஜே மேடையிலும் இதற்கு இணையானது உண்டு. வீட்டிலேயே கலந்து வைத்த ஒரு மணி நேரக் கோப்பை ஓடவிட்டு, ஒன்றோடும் இணைக்காத குமிழ்களைத் திருப்பிக்கொண்டு துள்ளுவது. பெரிய மேடைகளில் பெரும்பகுதி முன்கூட்டியே அமைக்கப்பட்டதுதான் என்று கனடாவின் புகழ்பெற்ற டிஜே டெட்மாவ்ஸ் 2012ல் வெளிப்படையாகவே எழுதினார். அவர் சொல்லிவிட்டுச் செய்கிறார், அதில் எனக்கு வழக்கில்லை. சொல்லாமல் செய்கிறவரைக் கண்டுபிடிப்பது சுலபம். மாப்பிள்ளையின் அப்பத்தா திடீரென்று ஆட வந்துவிட்டால் மூன்று நிமிடத்துக்குள் பாட்டு அவருக்காக மாறுகிறதா? மாறினால் அங்கே ஆள் இருக்கிறார் என்று அர்த்தம்.

லேப்டாப்பின் மீது எனக்கும் நிஜமான வருத்தங்கள் உண்டு. பாட்டு முழுதாக ஓடுவதில்லை. பல்லவியின் ஈர்ப்பான இடம், நாற்பது நொடி, வெட்டு, அடுத்தது. இளையராஜாவின் பாட்டில் இரண்டாவது இடையிசைக்காகவே காத்திருக்கும் காதுகள் இந்த ஊரில் ஏராளம். அந்த இடத்துக்கு எந்த டிஜேயும் போவதில்லை. ரேடியோ செட்டுக்காரர் சரணம் முடிந்து தட்டு தேயும் சத்தம்வரை விட்டார். சோம்பலாலோ வசதியின்மையாலோ விட்டிருக்கலாம், ஆனால் ஊர் பாட்டை முழுசாகத் தெரிந்துகொண்டது.

சத்தம் இன்னொன்று. பக்கத்தில் பெரிய சப்-ஊஃபர் அதிர்ந்தால் தட்டில் ஊசி துள்ளும், ஒலி திரும்பச் சுழன்று உறுமும். கருவியே ஓர் எல்லை வைத்திருந்தது. கோப்புக்கு அந்த எல்லை இல்லை. சுவர் அதிர, நெஞ்சு அதிர வாசிக்கலாம். இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு வரும் மனுக்களில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நிபந்தனைகள் போட்டுக்கொண்டே இருக்கிறது. ஆனால் குழாய் மட்டும் சாதுவாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். விடியுமுன் தொடங்கி பக்கத்து ஊர்வரை அலறியது அதுவும்தான். பரீட்சைக்குப் படித்த பிள்ளைகளும் படுக்கையில் கிடந்த நோயாளிகளும் அதைச் சகித்துக்கொண்டார்கள், யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

தட்டுதான் வேண்டும் என்பவர்கள் விலையையும் பார்க்க வேண்டும். ஒரு ஜோடி டெக்னிக்ஸ் வாங்க லட்ச ரூபாய் போதாது. இன்றைய தமிழ்ப் பாட்டுகளில் தட்டாக வருபவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. செகண்ட்ஹேண்ட் லேப்டாப்போடும் சின்னக் கன்ட்ரோலரோடும் செக்கானூரணியிலிருந்து கிளம்பும் பையனிடம் தூய்மையைக் கேட்பது, அவனை உள்ளே விடாமல் இருக்க வேலி போடுவதுதான்.

மதுரைக் கல்யாணங்களில் இப்போது டிஜேயோடு பறையோ தவிலோ நேரில் வாசிக்கும் கலைஞர்களையும் சேர்த்துக் கூப்பிடுகிறார்கள். இந்தச் சண்டைக்கு நான் பார்த்தவரையில் சரியான சோதனைக்களம் அதுதான். தவில்காரர் கோட்டுக்குள் நிற்க மாட்டார். கூட்டம் ஏறினால் அவரும் ஏறுவார், முத்தாய்ப்புக்கு முன்னால் இழுத்துப் பிடிப்பார். சில டிஜேக்கள் வேகத்தைப் பூட்டி வைத்துவிட்டு, தவில்காரர்தான் தன்னைப் பின்தொடர வேண்டும் என்று முறைக்கிறார்கள். பத்து நிமிடத்தில் தவில் சுருங்கி, பின்னணிச் சத்தமாகிவிடுகிறது. வேறு சிலர் சிங்க்கை அணைத்துவிட்டு, தள்ளுகட்டையில் விரலை வைத்தபடி, திரையைப் பார்க்காமல் தவில்காரரின் வலது கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்கும் பணத்தை நான் கச்சேரிக்குக் கொடுத்த பணமாகத்தான் நினைக்கிறேன்.