ஆமாஞ்சாமிகளின் அங்கதம்

அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இருவகைப்படுத்தும் தொல்காப்பியம். வெளிப்பட வசை கூறுவது முன்னையது. பழியை மறைத்து மொழிவது பின்னையது. இப்பின்னையதை ஏட்டினின்றும் எடுத்து, மாநாட்டு மேடைக்கும் தொலைக்காட்சிக்கும் கொண்டு சென்றோர் அமெரிக்க நாட்டு 'யெஸ் மென்' குழுவினர். ஜாக் சேர்வின், ஈகோர் வாமோஸ் என்னும் இருவரே அதன் முதல்வர். குழுவின் பெயரை நம் வழக்கில் 'ஆமாஞ்சாமிகள்' எனலாம். பெருங் கம்பனிகளின் பேராளராக வேடம் புனைந்து, அவற்றின் கொள்கைக்கு ஆமாம் போட்டு, அக்கொள்கையை அதன் எல்லைவரை இழுத்துச் சென்று காட்டுவது இவர்தம் முறை.

2000ஆம் ஆண்டில் ஒஸ்திரியாவின் சால்ஸ்பேக் நகரிற் கூடிய சட்ட அறிஞர் மாநாட்டில், உலக வர்த்தக நிறுவனத்தின் பேராளராகத் தோன்றிய சேர்வின், வாக்குகளை அதிக விலை தருவோர்க்கு விற்கும் ஏற்பாட்டை விதந்துரைத்தார். அடுத்த ஆண்டு பின்லாந்தின் தம்பரே நகரில், நெசவுத் தொழிற்றுறையினர் முன்னிலையில், அடிமை முறை தானே மறைந்திருக்கும் என்றார். அயல்நாட்டிற் கூலியாள் வைப்பது அதனினும் மலிவாம்! அவையோர் கைதட்டினர். நகைக்குரியோர் அவ்வவையோரே. அடி உரியவர்மேல் விழுந்தது.

போபால் விடயம் அத்துணை எளிதன்று. 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு யூனியன் காபைட் ஆலையினின்றும் கசிந்த மெதில் ஐசோசயனேற்று வாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. 1989இல் 47 கோடி டொலருடன் வழக்குத் தீர்க்கப்பட்டது. 2001இல் அக்கம்பனியைத் தன்னுடைமையாக்கிய டௌ கெமிக்கல், பழைய பொறுப்புத் தன்னைச் சாராது என்றது. இருபதாம் ஆண்டு நினைவு நாளாகிய 2004 டிசம்பர் 3ஆம் நாள், குழுவினர் அமைத்திருந்த போலி இணையத்தளத்தை டௌவினதென நம்பிய பி. பி. சி. உலகத் தொலைக்காட்சி, பேராளர் ஒருவரைச் செவ்விக்கு அழைத்தது. வந்தவர் சேர்வின். டௌ முழுப் பொறுப்பையும் ஏற்கின்றது என்றும், யூனியன் காபைட்டை விற்று 1,200 கோடி டொலர் வழங்கும் என்றும் அறிவித்தார். பிராங்பேட் பங்குச் சந்தையில் டௌவின் பங்கு 23 நிமிடத்தில் 4.24 சதவீதம் வீழ்ந்தது. கம்பனியின் பெறுமதியில் ஏறக்குறைய 200 கோடி டொலர் குறைந்தது.

முன்னைய வேடங்களிற் கம்பனிகளின் உள்ளக்கிடக்கை மிகைப்படுத்தப்பட்டது. இங்கோ கம்பனி சொல்லியிருக்க வேண்டிய சொல்லே அதன் வாயில் இடப்பட்டது. மறுத்தாலன்றித் தப்ப வழியில்லை. மறுக்கவே, தான் ஈயாமையை உலகறியக் கூறியதாயிற்று. நீதி செய்யப்போவதாகச் சொன்ன மாத்திரத்தே சந்தை அக்கம்பனியைத் தண்டித்ததும் கண்கூடு. நூறு சொற்பொழிவுகளும் இதனை இவ்வளவு தெளிவாகக் காட்டியிரா. திறம் என்ற அளவில் இக்குழுவினர் செய்தவற்றுள் இதனையே நான் தலையாயதாகக் கொள்வேன்.

ஆயின், அச்செய்தியைக் கேட்டோருட் போபால் மக்களும் இருந்தனர். பொய் வெளிப்படும்வரை அதனை மெய்யென்றே நம்பினர். 2009இல் வெளிவந்த தம் படத்திற் குழுவினர் போபாலுக்கே சென்று, ஆங்குள்ளோர் தம்மை வெறுக்கவில்லை எனக் காட்டுகின்றனர். காட்சி நெஞ்சைத் தொடுவதே. எனினும், குற்றஞ் சாட்டப்பட்டோரே சாட்சிகளைத் தெரிந்து, படம்பிடித்து, வெட்டித் தொகுத்த விசாரணை அது. இருபதாண்டு வஞ்சனைக்கு முன் சிறுபொழுதை ஏமாற்றம் எம்மாத்திரம் என்பாரும் உளர். டௌவின் குற்றத்தை அளக்க அக்கோல் பொருந்தும். கலைஞன் தன் சொல்லுக்குக் கூறவேண்டிய விடையை அது தருவதில்லை.

சேர்வின் அன்று பூண்ட பெயர் ஜூட் பினிஸ்டெரா. ஜூட், கைவிடப்பட்ட கருமங்களுக்குத் துணையெனக் கத்தோலிக்கர் வழிபடும் புனித யூதா ததேயு; பினிஸ்டெரா, உலகின் கடைக்கோடி. மறைபொருளைத் திறக்கும் சாவியை அவர் பெயரிலேயே வைத்திருந்தார். கற்றறிந்த ஐரோப்பியப் பார்வையாளன் அதனைக் கண்டெடுத்து நகைத்திருக்கலாம். நச்சுவாயு தாக்கிய தெருக்களில், இழப்பீடு வருமென்று கேட்டவர்க்கு அச்சாவி எட்டுமாறு வைக்கப்பட்டிருக்கவில்லை.