நினிவேயின் உபவாசமும் தாவீதின் உபவாசமும்

நெருக்கடி வந்தால் தமிழ்ச் சபைகளில் முதலில் அறிவிப்பது உபவாச ஜெபத்தைத்தான். கொள்ளைநோய், தேர்தல், பிள்ளைகளின் பொதுத்தேர்வு, ஊழியத்துக்கு எதிர்ப்பு என்று எதுவானாலும் வெள்ளிக்கிழமை காலையில் பாய் விரித்துவிடுவார்கள். பாட்டு, வசனம், முழங்கால், முடிவில் கொஞ்சம் கஞ்சி. இந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் நியாயத்தீர்ப்பின் நாட்களுக்கும் பாடுகளின் நாட்களுக்கும் இது நம்மை ஆயத்தப்படுத்துகிறதா என்றால், பாதிதான் என்பேன்.

பசியை ஒருநாளாவது மனதார ஏற்றவருக்கு, பசி தானாக வந்து சேரும் நாள் அவ்வளவு அந்நியமாக இராது. கூடியிருப்பதிலும் பலம் உண்டு. வீட்டில் தனியே அழும் பெண்ணின் தோளில் பக்கத்துப் பாயிலிருப்பவர் கைவைத்து, பெயர் சொல்லி ஜெபிக்கும்போது வரும் தைரியத்தைப் பிரசங்கம் தந்துவிடாது. ஆதித் திருச்சபையும் இதை அறிந்திருந்தது. ‘திதாகே’ என்ற பழைய ஒழுங்குநூல் புதனும் வெள்ளியும் உபவாசிக்கச் சொல்கிறது.

எதைக் கேட்டு உபவாசிக்கிறோம் என்பதில்தான் குறை தொடங்குகிறது. நம் மேடைகளில் அடிக்கடி வருவது நினிவே. நாற்பது நாளில் நகரம் கவிழும் என்றான் யோனா, ராஜா சிங்காசனம் விட்டிறங்கி, இரட்டுடுத்திச் சாம்பலில் உட்கார்ந்தான், ஆடுமாடுகளும் பட்டினி கிடந்தன, அழிவு விலகியது. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் இதை நினைத்து இன்றும் மூன்று நாள் நோன்பு இருக்கிறார்கள். அங்கே குறவிலங்காட்டில் யோனாவின் பயணத்தை நினைத்து மரக்கப்பலைச் சுமந்து ஊர்வலம் வருகிறார்கள். ஆனால் நினிவே ராஜாவின் கட்டளையில் பட்டினியோடு இன்னொன்றும் இருந்தது: அவரவர் கையிலுள்ள கொடுமையை விட வேண்டும். தேவன் கண்டதாக வேதம் சொல்வதும் அந்தத் திரும்புதலைத்தான். நம் ஜெபக்குறிப்புகளில் இது விட்டுப்போகிறது. தங்கையின் பங்கை எழுதி வாங்கிக்கொண்டவரும், வீட்டு வேலைக்காரப் பெண்ணின் சம்பளத்தைப் பிடித்துவைத்தவரும் தேசத்தின் பாவங்களுக்காக அழுதுவிட்டு நிம்மதியாக எழுந்து போக முடிகிறது. வேலையாட்களை ஒடுக்கிக்கொண்டே உபவாசிப்பவர்களை ஏசாயா 58 கண்டிப்பது இதற்காகத்தான்.

இன்னொரு உபவாசத்தை நாம் பேசுவதே குறைவு. 2 சாமுவேல் 12-இல் தாவீது, தன் பாவத்தின் தண்டனையாகச் சாகக்கிடக்கும் குழந்தைக்காகச் சாப்பிடாமல் தரையில் கிடக்கிறான். ஏழாம் நாள் குழந்தை இறக்கிறது. சொல்லவே ஊழியக்காரர்கள் பயப்படுகிறார்கள். அவனோ எழுந்து குளித்து, உடைமாற்றி, கர்த்தருடைய ஆலயத்தில் பணிந்துவிட்டு வந்து சாப்பாடு கேட்கிறான். கேட்டது மறுக்கப்பட்ட பிறகும் தொழுகை நிற்கவில்லை. ஆயத்தம் என்று நான் சொல்வது இதைத்தான். நம் சாட்சி நேரத்திலோ வேலை கிடைத்தவர் எழுகிறார், கட்டி கரைந்தவர் எழுகிறார். மாதக்கணக்கில் உபவாசித்தும் கணவனை அடக்கம்பண்ணியவள் கடைசி வரிசையில் தலைகுனிந்திருக்கிறாள். விசுவாசம் போதவில்லை என்று யாராவது காதில் ஓதிவிட்டால் அவள் பாடு இரட்டிப்பு. மாத்திரையோடு ஆகாரமும் எடுக்க வேண்டிய சர்க்கரை நோயாளியும் அதே சொல்லுக்குப் பயந்தே பட்டினி கிடக்கிறார். துன்பம் வந்ததையே தோல்வியாக எண்ணப் பழகிய சபை, உண்மையான துன்பத்தில் எப்படி நிற்கும்?

திருத்தும் வழி பழசுதான். இரண்டாம் நூற்றாண்டின் ‘ஹெர்மாஸின் மேய்ப்பன்’, உண்ணாத உணவின் விலையைக் கணக்கிட்டு விதவைக்கோ திக்கற்ற பிள்ளைக்கோ கொடுக்கச் சொல்கிறது. அதே நூற்றாண்டில் ரோமப் பேரரசனுக்கு எழுதிய அரிஸ்தீதஸ், கொடுக்க மிச்சமில்லாத கிறிஸ்தவர்கள் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்து ஏழைக்கு உணவளித்ததைச் சொல்கிறார். பாடுகள் வந்தபோது ஒருவரையொருவர் தாங்கும் பழக்கம் அவர்களிடம் முன்பே இருந்தது. உலையிடுமுன் ஒரு பிடி அரிசியை ஆலயத்துக்கென்று எடுத்துவைத்த நம் ஊர்ப் பெண்களுக்கும் இது புதிதல்ல.

வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக் காசு அந்தத் தெருவிலேயே அடுப்பெரியாத வீட்டுக்குப் போகட்டும். ஜெபக்குறிப்பு வாசிக்குமுன், யாருக்கு எதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அவரவர் யோசிக்க அரைமணி நேரம் விடுங்கள். சாட்சி நேரத்தில், கேட்டது கிடைக்காமலும் ஆலயத்துக்கு வருகிறவர்களைப் போதகரே முதலில் பேச அழைக்க வேண்டும்.