முக்கால அட்டவணை: தொடக்கப்பள்ளியில் வினையின் காலம் கற்பித்தல்

தமிழ் இலக்கணத்தில் சிறுவர்கள் முதலில் சந்திக்கும் பகுதிகளில் ஒன்று வினைச்சொல்லின் காலம். தொடக்க வகுப்புகளில் இது பெரும்பாலும் ஓர் அட்டவணையின் வழியாகவே அறிமுகமாகிறது. நேற்று, இன்று, நாளை என்று மூன்று கட்டங்கள். அவற்றின் கீழே வந்தேன், வருகிறேன், வருவேன். மாணவர் மனப்பாடம் செய்கிறார், கோடிட்ட இடத்தை நிரப்புகிறார், மதிப்பெண் பெறுகிறார். இம்முறை எளிமையானது, திருத்துவதற்கும் வசதியானது. ஆனால் தமிழ் வினை உண்மையில் இயங்கும் விதத்தை இந்த அட்டவணை பல இடங்களில் மறைக்கிறது. குழந்தை பள்ளிக்கு வரும்போதே கொண்டுவரும் மொழியறிவையும் அது கணக்கில் எடுப்பதில்லை.

அட்டவணையின் பின்னணி

காலம் மூன்று என்பது தொல்காப்பியம் முதல் தொடரும் பகுப்பு. பவணந்தி முனிவரின் நன்னூல் காலத்தைக் காட்டும் இடைநிலைகளை வரிசைப்படுத்துகிறது. த், ட், ற், இன் இறந்தகாலத்துக்கும், கிறு, கின்று, ஆநின்று நிகழ்காலத்துக்கும், ப், வ் எதிர்காலத்துக்கும் உரியவை. உயர்நிலை வகுப்புகளில் பகுபத உறுப்பிலக்கணம் பயிலும் மாணவருக்கு இது தெளிவான கருவி.

சிக்கல் நன்னூலில் இல்லை. மொழியை நன்கு அறிந்தவர்களுக்காக எழுதப்பட்ட விளக்கத்தைச் சுருக்கி, ஏழு எட்டு வயதுக் குழந்தைக்குப் பயிற்சியாக மாற்றியதில்தான் சிக்கல் தொடங்குகிறது. சுருக்கும்போது நன்னூலார் கவனமாகச் சேர்த்திருந்த ஒரு பகுதி விடுபட்டுப் போனது. அது கால வழுவமைதி. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் ஒரு காலத்துக்குரிய சொல் வேறொரு காலத்தில் வருவதை நன்னூல் ஏற்கிறது. சாப்பிட அழைக்கும் தாய்க்கு, இன்னும் விளையாட்டை விட்டு எழாத குழந்தை, ‘இதோ வந்துட்டேன்’ என்று பதில் சொல்கிறது. இலக்கணம் விரைவு என்று பெயரிட்டு ஒப்புக்கொண்ட வழக்கு இது. அட்டவணையில் இதற்கு இடமில்லை.

‘இன்று’ என்னும் கட்டம்

அட்டவணையின் முதல் குறை நடுக் கட்டத்தில் இருக்கிறது. ‘இன்று’ என்பது நிகழ்காலத்தின் அடையாளமாகக் கற்பிக்கப்படுகிறது. ஆனால் ‘இன்று காலை வந்தேன்’, ‘இன்று மாலை வருவேன்’ இரண்டும் பிழையற்ற தமிழ். இன்று என்பது ஒரு நாளின் பெயர். நிகழ்காலம் என்பது பேசும் கணத்தோடு செயலுக்கு உள்ள உறவு. இரண்டையும் ஒன்றாக்கியதால், ‘இன்று’ என்ற சொல்லைக் கண்டதும் ‘கிறு’ சேர்க்கும் பழக்கம் மாணவரிடம் உருவாகிறது. பொருளைப் பார்த்துக் காலத்தைத் தேர்வதற்குப் பதிலாக, பக்கத்தில் உள்ள சொல்லைப் பார்த்து விடையை ஊகிக்கும் பயிற்சியாக அது முடிகிறது.

‘நாளை’ என்பதும் அப்படியே. ‘நாளைக்கு ஊருக்குப் போறோம்’ என்று குழந்தை சொல்கிறது. உறுதி செய்யப்பட்ட பயணத்தைச் சொல்ல நிகழ்கால வடிவம் பொருத்தமானது. ‘போவோம்’ என்பதைவிட நிச்சயம் மிகுந்தது. பயிற்சித்தாளில் இந்த விடை தவறாகிவிடும்.

எதிர்காலமும் வழக்கமும்

தமிழில் ப், வ் இடைநிலைகள் வரப்போவதை மட்டும் குறிப்பதில்லை. வழக்கமாக நிகழ்வதையும் குறிக்கின்றன. ‘தாத்தா தினமும் கதை சொல்வார்’ என்பது நாளைய செய்தி அன்று, அவருடைய வழக்கம். ‘சின்ன வயசுல ஆத்துல குளிப்போம்’ என்பது முழுவதும் கடந்துபோன காலத்தைச் சேர்ந்தது. வடிவத்தை மட்டும் பார்த்து எதிர்காலம் என்று பெயரிட்டால் இந்த வாக்கியங்களின் பொருள் கைநழுவிப் போகும்.

இது வெறும் இலக்கண நுட்பம் அன்று. ஒரு குழந்தை பெரியவரிடம் வந்து ‘அவன் என்னை அடிச்சான்’ என்றால் அது நடந்து முடிந்த ஒரு நிகழ்ச்சி. ‘அடிக்கிறான்’ என்றால் இப்போது நடப்பது, அல்லது அண்மைக்காலமாகத் தொடர்வது. ‘அடிப்பான்’ என்றால் பெரும்பாலும் பொருள் ‘இனிமேல்தான் அடிக்கப் போகிறான்’ என்பது அன்று; ‘அடிப்பது அவன் வழக்கம்’ என்பதே. மூன்றுக்கும் பெரியவர் செய்யவேண்டியது வேறு வேறு. தனக்கு நேர்ந்ததைச் சரியாகச் சொல்லவும், சொன்னது சரியாகப் புரிந்துகொள்ளப்படவும் காலம் பற்றிய நுண்ணறிவு தேவைப்படுகிறது. அந்த அறிவு குழந்தையிடம் ஏற்கெனவே இருக்கிறது. வகுப்பறை அதற்குப் பெயர் தந்து வளர்க்கலாம். அட்டவணை அதை மறக்கச் சொல்கிறது.

இறந்தகாலத்தின் கடினம்

நிகழ்காலத்தின் வடிவம் ஏறக்குறைய ஒழுங்கானது. ஓடுகிறேன், படிக்கிறேன் என்று ‘கிறு’, ‘க்கிறு’ என்னும் இரண்டு தோற்றங்களைக் கற்றால் பெரும்பாலான வினைகளைச் சமாளிக்கலாம். இறந்தகாலம் அப்படியல்ல. செய்தேன், படித்தேன், நடந்தேன், உண்டேன், கற்றேன், ஓடினேன் என்று வினைக்கு வினை வடிவம் மாறுகிறது. ஒலியில் ஒத்த ஓடு, போடு இரண்டும் ஓடினேன், போட்டேன் என்று பிரிந்துபோகின்றன. வா, வந்தேன் ஆகிறது. ‘படு’ என்ற ஒரே வடிவம் உறங்குவதைக் குறிக்கும்போது படுத்தேன் என்றும், துன்பம் அடைவதைக் குறிக்கும்போது பட்டேன் என்றும் வருகிறது. 1855இல் தமிழ் இலக்கணச் சுருக்கம் ஒன்றை வெளியிட்ட ஜெர்மானியர் கார்ல் கிரவுல் வினைகளை வகுப்புகளாகப் பிரித்துக் காட்டவேண்டி வந்ததற்கு இந்த வேறுபாடுகளே காரணம்.

அட்டவணை எல்லாக் கட்டங்களுக்கும் ஒரே அளவு இடம் கொடுக்கிறது. எளிய நிகழ்காலத்துக்கும் பல வடிவங்களுள்ள இறந்தகாலத்துக்கும் ஒரே நேரம், ஒரே பயிற்சி. ஓரிரு மாதிரி வினைகளை மட்டும் கற்ற மாணவர் மற்றவற்றை ஊகிக்க வேண்டியவராகிறார்.

அதைவிட முக்கியமானது இறந்தகாலத்துக்கு வாக்கிய அமைப்பில் உள்ள இடம். வந்தேன் என்பதன் அடியை அறிந்தவருக்கு வந்து, வந்த, வந்தால் ஆகியவையும் கைவருகின்றன. தமிழ்க் கதை சொல்லல் இந்த வினையெச்சங்களின் மேல் நிற்கிறது. காகம் வடையை எடுத்து, பறந்து போய், மரத்தில் உட்கார்ந்தது என்னும்போது காலத்தை முற்றாகச் சொல்வது கடைசி வினை மட்டுமே. தனித்தனிச் சொற்களாகக் காலத்தைக் கற்ற மாணவர் ‘காகம் வடையை எடுத்தது. காகம் பறந்தது. காகம் உட்கார்ந்தது’ என்று எழுதுகிறார். பிழை இல்லை, கதையும் இல்லை.

இடைநிலையோடு பிணைந்த இன்னொரு வேறுபாடும் உண்டு. உடைந்தது, உடைத்தேன் ஆகிய இரண்டில் முதலாவது தானாக நிகழ்ந்தது, மற்றது ஒருவர் செய்தது. கண்ணாடித் தம்ளர் கீழே விழுந்த வீட்டில் ‘உடைஞ்சிடுச்சு’ என்று சொல்லும் குழந்தைக்கு இந்த வேறுபாட்டை யாரும் கற்பிக்கவேண்டியதில்லை. வகுப்பில் இதைத் தொடக்கமாகக் கொண்டால் பாடம் சிரிப்போடு தொடங்கும்.

பேச்சும் எழுத்தும்

மாணவர் வீட்டில் கற்றது படிச்சேன், வர்றேன், ஓடுச்சு. பள்ளி எதிர்பார்ப்பது படித்தேன், வருகிறேன், ஓடியது. ‘மாடெல்லாம் வருது’ என்று எழுதும் குழந்தை காலத்தில் தவறவில்லை. எழுத்துத் தமிழ் கேட்கும் பன்மை விகுதியை இன்னும் கற்கவில்லை, அவ்வளவே. சிவப்பு மையில் ஒரே கோடு இழுக்கப்படும்போது எது தவறு என்று குழந்தைக்குத் தெரிவதில்லை. தன் பேச்சே தவறு என்ற முடிவுக்கு அது வருகிறது. அதன்பின் கேட்ட கேள்விக்கு மட்டும் சுருக்கமாக எழுதுவதே பாதுகாப்பான வழியாகிறது.

சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டின் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வு, பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடமளிக்கப் பரிந்துரைத்தது. அங்குள்ள சூழல் வேறு. பல குழந்தைகளின் வீட்டுமொழி ஆங்கிலமாக மாறிவரும் இடம் அது. ஆயினும் பேச்சிலிருந்து எழுத்துக்குப் போவது என்ற வரிசை தமிழ்நாட்டுக்கும் பொருந்தும்.

ஆங்கில வகுப்பில் விளைவு

இதே குறை ஆங்கிலப் பாடத்திலும் தொடர்கிறது. ‘ஹி கோஸ் டு ஸ்கூல் டெய்லி’ என்பதற்கு ‘அவன் தினமும் பள்ளிக்குச் செல்கிறான்’ என்று பொருள் எழுதப்படுகிறது. குழந்தையின் இயல்பான தமிழில் அது ‘தினமும் ஸ்கூலுக்குப் போவான்’. போவான் என்பது எதிர்காலம் மட்டுமே என்று கற்ற மாணவர் அதை ‘வில் கோ’ என்று மொழிபெயர்ப்பதில் வியப்பில்லை.

ஆங்கிலம் பேசும் குழந்தைகளைப் பற்றி ஜீன் பெர்கோ 1958இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுகூரத்தக்கது. நான்கு முதல் ஏழு வயதுவரையான குழந்தைகளிடம் இல்லாத வினைச்சொற்களைக் கொடுத்து, நேற்று அந்த மனிதர் என்ன செய்தார் என்று அவர் கேட்டார். கேட்டிராத சொல்லுக்கும் குழந்தைகள் இறந்தகால விகுதியைத் தாமாகச் சேர்த்தனர். குழந்தைகள் ‘வென்ட்’ என்பதற்குப் பதில் ‘கோட்’ என்று சொல்வதும் விதியைக் கண்டுகொண்டதன் அடையாளமே. பிழை என்று தோன்றுவது பல நேரங்களில் கற்றலின் சான்று.

மதிப்பீடு

முக்கால அட்டவணை முற்றிலும் பயனற்றது அன்று. தமிழை இரண்டாம் மொழியாகக் கற்போருக்கும், ஏற்கெனவே அறிந்ததைத் தொகுத்துப் பார்ப்போருக்கும் அது உதவும். அதன் இடம் பாடத்தின் முடிவு, தொடக்கம் அன்று. முதலில் குழந்தை நேற்று நடந்ததை வாய்மொழியாகச் சொல்லட்டும். ஆசிரியர் அதைக் கரும்பலகையில் பேச்சு வடிவிலேயே எழுதி, பக்கத்தில் எழுத்து வடிவையும் எழுதலாம். பிறகு அதே கதையை இப்போது நடப்பதுபோலவும், தினமும் நடப்பதுபோலவும் மாற்றிச் சொல்லச் செய்யலாம். என்ன மாறியது என்று குழந்தைகளே கண்டுபிடித்தபின் கட்டங்களை வரைந்தால், அவற்றை நிரப்பும் சொற்கள் அவர்களுடையவையாக இருக்கும்.

இதற்குப் புதிய பாடநூலோ கருவியோ தேவையில்லை. தேவைப்படுவது நேரமும், குழந்தை சொல்வதைக் கடைசிவரை கேட்கும் பொறுமையும். நாற்பது பேர் அமர்ந்த வகுப்பில் இரண்டுமே அரிதானவை. அட்டவணை இத்தனை காலம் நிலைத்திருப்பதற்கு அதன் தகுதியைவிட இந்தப் பற்றாக்குறையே பெரிய காரணம்.